அப்புச்சி சொன்ன இன்டர்வியூ நாயம்

ஏங்கண்ணு, மூணு நாளா அட்டாலிக்கும் ஆசாரத்துக்கும் ஏறி எறங்கிட்டே இருக்கறயே, என்னத்தைத் தொலைச்சுட்டே? காலேஜு சர்டிபிகேட்டா? அதை உங்க அம்மிச்சி ரேசன் கார்டோட சேத்து அரிசி டிரம்முக்குப் பின்னால பத்திரமா வெச்சிருக்கறா. வெள்ளிக்கெழமை இன்டர்வியூவுல அதை ஒருத்தனும் கேக்க மாட்டான். கேட்டாலும் வேலை குடுத்ததுக்கு அப்பறந்தான் கேப்பான். ஆனாத் தேடறதுல ஒரு சொகம் இருக்குது பாரு. படிக்க வேண்டியதைப் படிக்காம இருக்கறதுக்கு இத்தனை மரியாதையான சாக்கு வேற கெடைக்காது. குக்கு இப்படி.

நீ கடைசியா இன்டர்வியூக்குப் போனது 2013-ல. அன்னைக்கு வாட் வரி இருந்துச்சு, சி ஃபாரம் இருந்துச்சு. மொதலாளி கேட்டது ரெண்டே கேள்வி: டேலி தெரியுமா, எந்த ஊரு. ரெண்டுக்கும் பதில் சொன்னே, நாளைக்கு வந்துருன்னாரு. அதுக்குப் பேருதான் இன்டர்வியூன்னு இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுட்டு இருக்கறே. பன்னெண்டு வருசம் அதே நாற்காலி, அதே மேசை, அதே டீக்கடை. அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்டு 27-ல நம்ம சரக்கு மேல 50 சதம் வரியை ஏத்துனதும், உன்ர கம்பெனியில பாதி மிசினு துணி போத்திட்டு நின்னுருச்சு. இல்லைன்னா நீ இந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சிருப்பயா? என்ர தலை மேல அடிச்சுச் சொல்லு.

இன்னைக்கு நெலவரம் வேற. மொதல்ல போன்ல ஒரு புள்ளை பேசும். அதைத் தாண்டினா நேர்ல கூப்பிட்டு எக்செல்ல ஒரு கணக்கைக் குடுத்து செய்யச் சொல்லுவாங்க. அப்பறம் பெங்களூர்ல இருக்கற பெரிய மேனேஜரு வீடியோவுல வருவாரு. எல்லாம் தாண்டித்தான் சம்பளப் பேச்சு. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறயா? உன்ர சித்தி மக அம்மிணி கோயமுத்தூருல ஆள் எடுக்கற வேலைதான பாக்கறா. ஞாயித்துக்கெழமை வந்தா இந்தத் திண்ணையில உக்காந்துதான் போன் பேசுவா. அப்புச்சிக்குக் காது கேக்காதுன்னு நெனைச்சுட்டுப் பேசுவா. காது கேக்காத கெழவனுக்குத் தெரியாத ரகசியம் ஊருக்குள்ள இல்லை கண்ணு.

நேத்து நீ தூங்கினப்ப உன்ர பயோடேட்டாவை எடுத்துப் படிச்சேன். கோவிச்சுக்காதே, முறுக்கு வெக்கக் காயிதம் தேடினேன். மொதப் பக்கத்துல உங்கப்பன் பேரு, பொறந்த தேதி, கல்யாணம் ஆனவன்னு ஒரு வரி, தெரிஞ்ச பாசை, பொழுதுபோக்குக்குப் பாட்டுக் கேக்கறது. அடியில, மேல சொன்னது அத்தனையும் உண்மைன்னு சத்தியம் வேற. பன்னெண்டு வருசம் பாத்த வேலை எங்கடான்னு பாத்தா ரெண்டே வரி. ஜிஎஸ்டி சம்பந்தமான வேலைகளைக் கவனித்தல், வங்கி சம்பந்தமான வேலைகளைக் கவனித்தல். தூரத்துல நின்னு கவனிச்சயா, கிட்டப் போய்ச் செஞ்சயா? அந்தக் காயிதத்தைக் கல்யாணத் தரகருகிட்டக் குடு, ரெண்டாந்தாரத்துக்கே எடம் பாத்துச் சொல்லுவாரு. மெதுவாப் பேசறேன், உன்ர ஊட்டுக்காரி காதுல விழுந்துரப் போகுது. கம்பெனிக்காரனுக்கு வேற எழுது.

என்ன எழுதோணும்னா, நம்பரு எழுது. வருசத்துக்கு எத்தனை கோடி யாவாரத்துக்குக் கணக்குப் பாத்தே, மாசம் எத்தனை ஷிப்பிங் பில்லு, உனக்குக் கீழ எத்தனை பேரு, மாசக் கணக்கை எத்தனாந்தேதி மூடறே. இன்னொன்னு. பெரிய கம்பெனியில மனுசன் கண்ணுல படறதுக்கு முந்தி கம்ப்யூட்டரே ஒருக்காச் சலிக்குமாமா, அம்மிணி சொன்னா. அவன் வெளம்பரத்துல ஜிஎஸ்டிஆர்-2பி, ஆடிட்டுன்னு போட்டிருந்தா அதே வார்த்தை உன்ர காயிதத்துலயும் இருக்கோணுமாம். செஞ்ச வேலையா இருந்தாப் போடு. செய்யாததைப் போட்டா, அந்த ஒண்ணைத்தான் மொதல்ல கேப்பான். அவனுக்கு மூக்கு வேர்க்கும். தேதியிலயும் வெளையாடாதே. உன்ர பிஎஃப் யூஏஎன் நம்பரைத் தட்டினா எந்த மாசம் எங்க சேந்தே, எங்க நின்னேன்னு வந்து நிக்குது.

இனி முக்கியமான நாயத்துக்கு வர்றேன். வெத்தலைப் பெட்டியை இப்படித் தள்ளு.

2018-ல நீ ஒரு நா ராத்திரி இங்க வந்து சோத்துல கை காயக் காய ஒரு கதை சொன்னே. ஞாபகம் இருக்குதா? ஜிஎஸ்டி வந்த புதுசு. ஏத்துமதிக்குக் கட்டின ஐஜிஎஸ்டி 43 லட்சம் திரும்பி வராம நின்னு போச்சு. எஸ்பி005-னு ஒரு எர்ரரு. மொதலாளி பேங்குக்காரனுக்குப் பயந்துட்டு போனை எடுக்கறதில்லை. ஆடிட்டரு, பொறுங்க வரும்ங்கறாரு. நீ உக்காந்து ஒவ்வொரு பில்லாப் புரட்டினா, ஷிப்பிங் பில்லுல ஏஜெண்டு இன்வாய்ஸ் நம்பரை ஒரு மாதிரி அடிச்சிருக்கான், ஜிஎஸ்டிஆர்-1-ல நம்ம பையன் நடுவுல ஒரு சாய்கோட்டைப் போட்டு வேற மாதிரி அடிச்சிருக்கான். ஒரு சாய்கோடு! அதுக்கு 43 லட்சம் தூத்துக்குடியில குத்த வெச்சு உக்காந்துருச்சு. நீ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப்பட்டியல் போட்டே. அந்த மார்ச்சு மாசம் சுங்கக்காரங்க ரீஃபண்டுக்குன்னே ரெண்டு வாரம் ஒதுக்குனாங்களே, அதுல கொண்டு போய்க் குடுக்கறதுக்கு ராத்திரி பஸ்ஸேறினே. பணம் வந்துச்சு. மொதலாளி உனக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக் குடுத்தாரு, அதுலயும் பாதியை உன்ர மக தின்னுட்டா. அன்னைக்கு நீ சொல்லச் சொல்ல உங்க அம்மிச்சி கூட டிவியை அமத்திட்டுக் கேட்டா. அவளுக்கு ஜிஎஸ்டின்னா என்னன்னே தெரியாது.

நேத்து வெடியால கண்ணாடி முன்னால நின்னு என்ன சொன்னே? ரீஃபண்ட் இஷ்யூஸ் எல்லாம் நாங்க ஹேண்டில் பண்ணியிருக்கோம்னே. நாங்கன்னா யாரு? தூத்துக்குடி பஸ்ஸுல உன்ர பக்கத்துல யாரு உக்காந்துட்டு வந்தா? நம்மூருல நான், நான்னு பேசினாத் தலைக்கனம்பாங்க. செரி, நோம்பி வரி பேசற எடத்துல அது செரி. அங்க எதுத்தாப்புல உக்காந்திருக்கறவன் நாங்களை வேலைக்கு எடுக்கப் போறதில்லை. ஒருத்தனை எடுக்கப் போறான். அந்த ஒருத்தன் என்ன பண்ணுனான்னுதான் கேக்கறான். உனக்கு வேலை மறக்கலை கண்ணு. பன்னெண்டு வருசமா உன்னை ஒருத்தனும் கேக்கலை, அதனால சொல்லத்தான் மறந்து போச்சு.

அந்தக் கதையை அப்படியே சொல்லு, ஆனா ரெண்டு நிமிசத்துல முடி. என்ன சிக்கல், உன்ர தலையில என்ன விழுந்துச்சு, நீ என்ன பண்ணுனே, கடைசியில என்ன ஆச்சு. இதைத்தான் இங்கிலீசுல ஸ்டாருன்னு பேரு வெச்சு சொல்லிக் குடுக்கறாங்களாம். உங்க அம்மிச்சி எதுத்த ஊட்டுச் சண்டையை அந்த வரிசையிலதான் சொல்லுவா, எந்தக் காலேஜுலயும் படிக்காம. இதே மாதிரி இன்னும் நாலு கதையைத் தோண்டி எடு. மொதலாளிகிட்ட ஒத்துக்காம நின்னது ஒண்ணு, நீ தப்புப் பண்ணி அப்பறம் செரி பண்ணுனது ஒண்ணு, கீழ இருக்கற பசங்ககிட்ட வேலை வாங்குனது ஒண்ணு, தேதி நெருக்கிப் புடிச்சப்ப முடிச்சது ஒண்ணு. அவன் எந்தப் பக்கம் இருந்து கேட்டாலும் இந்த அஞ்சுல ஒண்ணு ஒத்து வரும். வாயை விட்டுச் சொல்லிப் பாரு. மனசுக்குள்ள சொன்னா எல்லாருந்தான் வக்கீலு. அம்மிணியைக் கேக்கச் சொல்லு; அவ சின்னப் புள்ளைன்னு கூச்சப்படாதே, வெள்ளிக்கெழமை கேக்கப் போறவனுக்கும் அவ வயசுதான் இருக்கும். அவன்கிட்ட, தம்பி உங்களுக்கு எந்த ஊருன்னு ஆரம்பிச்சுறாதே. நீ அங்க ஆரம்பிச்சு எங்க கொண்டு போய் முடிப்பேன்னு எனக்குத் தெரியும்.

உன்ர கிட்ட என்ன கொறைன்னு கேப்பான். வேலையை நொம்பச் சுத்தமாச் செய்யறதுதான் என்ர கொறைன்னு சொல்லப் போறயாமா? யாரு சொல்லிக் குடுத்தது? அம்மிணி அன்னாடம் அதைப் பத்துப் பேருகிட்டக் கேட்டுட்டு, போனை வெச்சதும் சிரிக்கறா. எஸ்ஏபி-யில வேலை பாத்ததில்லை, டேலிதான் பழக்கம், பழக ஆரம்பிச்சிருக்கறேன்னு சொல்லு. சொல்லறதுக்கு முந்தி நெசமாவே ஆரம்பிச்சுரு. பழைய மொதலாளியைப் பத்திக் கேட்டா ஆர்டர் கொறைஞ்சு போச்சுன்னு சொல்லி நிறுத்திக்க. அவரு தீவாளி போனசுல பண்ணுன கூத்தை எல்லாம் என்ர கிட்டச் சொல்லு, எனக்குப் பொழுது போகும்.

படிக்கறதுன்னு ஒரு சங்கதி இருக்குது. அன்னாடம் செய்யறதுதான எனக்குத் தெரியாதான்னு இருந்துறாதே. அன்னாடம் செய்யறவனுக்குத்தான் ஏன் செய்யறோம்ங்கறது மறந்து போகும். ஈ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர்ல 500 கோடிக்கு மேல இருக்கறவனுக்குன்னு ஆரம்பிச்சுது. எறங்கி எறங்கி 2023 ஆகஸ்டுல 5 கோடிக்கு வந்துருச்சு. துணிமணிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 2,500 ரூபா வரைக்கும் 5 சதம், அதைத் தாண்டினா 18. இதெல்லாம் நீ கையில செஞ்சதுதான். சட்டுன்னு கேட்டா முழிப்பே. அப்பறம் வருமான வரியில 43பி-எச்சும்பாங்களே, அது. சிறு தொழில்காரனுக்குப் பணத்தை 45 நாளைக்குள்ள குடுக்காட்டி, பணம் குடுக்கற வருசத்துலதான் செலவாக் கழிச்சுக்க விடுவான். எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாளுதான். மைக்ரோ, ஸ்மால் ரெண்டுக்குந்தான் இது, மீடியத்துக்கு இல்லை. அங்கதான் கேள்வியைத் திருப்புவான், பாத்துக்க. தறி ஓட்டற நம்ம பங்காளி இந்த 45 நாளைச் சொல்லி வாரம் தவறாம இந்தத் திண்ணையில வந்து அழுகறான். இல்லைன்னா எனக்கு எதுக்குடா இந்த எழவெல்லாம்?

எக்செல்லு. அதைச் சொன்னதும் மூஞ்சி ஏன் சுருங்குது? கீழ ரெண்டு பசங்களைப் போட்டதுல இருந்து நீ மவுசைத் தொட்டு வருசமாச்சு. பிரிண்டு எடுத்துட்டு வாடான்னு சொல்றதோட சரி. அங்க பையன் வரமாட்டான். ஆயிரம் வரி பில்லைக் குடுத்து, 2பி-யோட ஒத்துப் பாத்து எதெது வரலைன்னு சொல்லுங்கம்பான். எக்ஸ்லுக்கப்பு, பிவட்டு ரெண்டையும் இன்னைக்குப் பொழுதோட ஒக்காந்து பழகு. பக்கத்துல நான் இருக்கறேன். எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா நீ போனை எடுத்து நோண்டினா மட்டும் தெரியும்.

சம்பளப் பேச்சுக்கு வருவோம். இதுல மட்டும் நான் உனக்கு வாத்தியாரு. கண்ணபுரத்து மாரியம்மன் தேருக்குச் சித்தரையில கூடற மாட்டுச் சந்தையில தரகு பாத்த கையி இது. காங்கயங்காளையை வாங்க வர்றவன் மொதல்ல பல்லைப் புடிச்சுப் பாப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துருச்சா. அப்பறம் சுழி பாப்பான். நடக்க விட்டுப் பாப்பான். எல்லாம் பாத்துட்டு, ப்ச்சுன்னு உதட்டைப் பிதுக்குவான். அந்தப் பிதுக்கலைப் பாத்து வெலையைக் கொறைக்கறவன் சந்தைக்குப் புதுசு. பழைய ஆளு மாட்டைத் தடவிக் குடுத்துட்டுச் சும்மா நிப்பான். அடுத்த வாரம் ஏரு பூட்டோணும்னு வேகாத வெயில்ல அத்தனை தூரம் வண்டி கட்டிட்டு வந்தவன் வெறுங்கையோட போக மாட்டான்னு அவனுக்குத் தெரியும். வெலையை வாயால சொல்லறதே இல்லை. கையி மேல துண்டைப் போட்டு, உள்ள வெரலைப் புடிச்சுத்தான் பேச்சு. அதுலயும் கெட்டிக்காரத் தரகன் தன்ர வெரலை மொதல்ல நீட்ட மாட்டான்.

நீ என்ன பண்ணுவே? சம்பளம் எத்தனை எதிர்பாக்கறீங்கன்னு கேட்டதும், சார் நீங்க பாத்துப் போட்டுக் குடுங்கம்பே. பாத்துப் போட்டான்னா பழைய சம்பளத்துக்கு மேல ரெண்டாயிரம் போடுவான். இந்த வேலைக்கு எத்தனை வரைக்கும் ஒதுக்கியிருக்கறீங்கன்னு நீ திருப்பிக் கேளு. சொன்னாச் செரி. சொல்லலைன்னா, வெளியில நாலு எடத்துல விசாரிச்சு வெச்ச தொகையை, இத்தனையில இருந்து இத்தனை வரைக்கும்னு சொல்லிட்டு வாயை மூடிக்க. மூடறதுதான் கஷ்டம். அவன் ஒண்ணும் பேசாம இருந்தா உனக்குப் பொறுக்காது, நீயே கொறைச்சுக்குவே. அந்த நேரத்துல தண்ணி குடி. இப்ப வாங்கற சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதே. பே ஸ்லிப்பும் ஃபாரம் 16-ம் கேப்பான். உனக்கு வேலை வேணும்னா அவனுக்கு ஆள் வேணும். சும்மா உன்ர மூஞ்சியைப் பாக்கறதுக்கு ஒருத்தனும் நாற்காலி போட்டு உக்கார மாட்டான்.

சிடிசி-ன்னு ஒண்ணு சொல்லுவான். வருசம் 9 லட்சம்னு சொன்ன ஒடனே மாசம் 75,000 கையில வருதுன்னு கணக்குப் போட்டு ஏசிக்கு இஎம்ஐ போட்டுறாதே. அதுக்குள்ள அவன் கட்டற பிஎஃப் இருக்கும், கிராஜுவிட்டிக்குன்னு அடிப்படைச் சம்பளத்துல 4.81 சதம் இருக்கும், வந்தா வரும் வராட்டி இல்லைங்கற வேரியபிள் இருக்கும். கைக்கு எத்தனை வரும்னு பிரிச்சு எழுதிக் குடுங்கன்னு கேளு. கணக்குப் பாக்கறவன் கேக்காம வேற யாரு கேப்பா?

கிராஜுவிட்டின்னதும் ஞாபகம் வருது. பழைய கம்பெனியை விட்டு வர்ற சந்தோசத்துல அதை விட்டுட்டு வந்துறாதே. அஞ்சு வருசம் முடிச்சவனுக்கு அது சட்டப்படி உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளம் 26,000-ன்னு வெச்சுக்க. 26-ல வகுத்து 15-ல பெருக்கினா 15,000. பன்னெண்டு வருசத்துக்கு 1,80,000. வேலையை விட்ட 30 நாளைக்குள்ள குடுத்துறோணும். மொதலாளி கண்ணுல தண்ணி வுட்டாருன்னா நீயும் வுடு, ஆனா மனுவைக் குடுத்துட்டு வுடு. ரிலீவிங் லெட்டரையும் கையோட வாங்கிக்க. புதுசா ஒருத்தன் வேலை தர்றேன், டெபாசிட்டுக் கட்டுன்னு கேட்டான்னா ஒரு கும்புடு போட்டுட்டு போனை வெச்சுரு. வேலை குடுக்கறவன் பணம் கேக்க மாட்டான்.

வீடியோவுக்கு ஆசாரத்துல உக்காராதே. பின்னால ஜன்னல் இருந்தா மூஞ்சி கருப்பாத் தெரியும்; வெளிச்சம் எதுத்தாப்புல இருக்கோணும். மிக்ஸியை நிறுத்தச் சொல்லி உங்க அம்மிச்சிகிட்ட முந்தின நாளே மனுக் குடுத்துரு. மேல சட்டை, கீழ லுங்கியோட உக்காந்துட்டு, சார்ஜரு எடுக்க எந்திரிச்சுப் போடாதே. கல்யாணத்துக்குத் தெச்ச பேண்ட்டை நேத்துப் போட்டுப் பாத்தயே, மூச்சை இழுத்துப் புடிச்சுட்டுப் பட்டன் மாட்டினயே, நான் பாக்கலைன்னு நெனைச்சயா? புதுசா ஒண்ணு எடு. மூச்சு விட்டாத்தான பேச்சு வரும்.

கடைசியா, உங்களுக்கு ஏதாச்சும் கேக்கோணுமான்னு கேப்பான். ஒண்ணுமில்லைங்க சாருன்னு கும்புட்டுட்டு எந்திரிக்காதே. இந்த எடத்துல முந்தி இருந்தவரு எங்க போனாருன்னு கேளு. மேல போயிருந்தா நல்லது; ஆறு மாசத்துக்கு ஒருத்தன் மாறிட்டு இருந்தான்னா நீயும் யோசிச்சுக்க. மாசக் கணக்கு மூடற வாரத்துல ராத்திரி எத்தனை மணி ஆகும்னு கேளு. நோட்டீஸ் பீரியடு எத்தனை நாளுன்னு கேளு. தொண்ணூறு நாளுன்னு சொன்னா, உள்ள வர்றப்பவே வெளிய போற கதவு எத்தனை தூரம்னு தெரிஞ்சுக்கலாம். மொத எடத்துல கெடைக்கலைன்னா இடிஞ்சு போய் உக்காராதே. அதுக்குத்தான் சொல்றேன், வெள்ளிக்கெழமைக்கு முந்தி, உனக்கு அத்தனை ஆசையில்லாத ஒரு கம்பெனிக்கு ஒருக்காப் போயிட்டு வா. அங்க ஒளறு. ஒளர்றதுக்கும் ஒரு எடம் வேணுமல்ல.

செரி, வெள்ளிக்கெழமை பதினொரு மணின்னு மெயில் வந்திருக்குது. காங்கயத்துல ஏழு மணிக்கே கோயமுத்தூர் பஸ்ஸைப் புடிச்சுரு, பல்லடத்துல கூட்டம் ஏறும். இன்னொன்னு. அன்னைக்குப் பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். உங்க அம்மிச்சிக்குத் தெரிஞ்சா மணியை மாத்தச் சொல்லுன்னு ஒத்தக் கால்ல நிப்பா. இன்டர்வியூ ஒம்பதரைக்குன்னு நான் அவகிட்டச் சொல்லி வெச்சுட்டேன். நீயும் ஒம்பதரைன்னே சொல்லு, மாத்திச் சொல்லி என்னை மாட்டி உட்றாதே.